பி.காமா, சி.ஏ-வா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் +2 முடித்த பிள்ளைகளுக்கு

போன ஜூனில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். "பாப்பாவுக்கு சி.ஏ சீட் கிடைச்சிடுச்சு தம்பி, மூணு வருஷத்துல ஆடிட்டர் ஆயிடுவா" என்றார். அட்மிஷன் ரசீதை வாங்கிப் பார்த்தேன். பி.காம் சி.ஏ என்று இருந்தது. அந்த சி.ஏ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். நல்ல படிப்புதான், ஆனால் அதை முடித்தால் ஆடிட்டர் ஆக முடியாது. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி, வேறு. அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஏனென்றால் ஒரு வருஷமாக அந்தக் குடும்பம் அந்த இரண்டு எழுத்தை நம்பியே பேசிக்கொண்டிருந்தது.

இந்தக் குழப்பம் அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. பி.காம் சி.எஸ் என்றால் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அது டிகிரி. கம்பெனி செக்ரட்டரி ஆவதற்கு ஐ.சி.எஸ்.ஐ என்ற இன்ஸ்டிடியூட் நடத்துகிற சி.எஸ் பரீட்சைகள் தனி. சி.எம்.ஏ என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று நம் நாட்டுச் சட்டப்படி அமைந்த ஐ.சி.எம்.ஏ.ஐ தருகிற காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பு, பெரியவர்கள் இன்னும் ஐ.சி.டபிள்யூ.ஏ என்று சொல்வார்களே, அது. இன்னொன்று அமெரிக்க அமைப்பு நடத்துகிற, இரண்டே பேப்பர் உள்ள சி.எம்.ஏ. ஆகவே எந்தப் படிப்புக்கும் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசியில் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பல்கலைக்கழகம் என்றால் டிகிரி. நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்த இன்ஸ்டிடியூட் என்றால் (சி.ஏ-வுக்கு 1949, சி.எம்.ஏ-வுக்கு 1959, சி.எஸ்-க்கு 1980) அது ப்ரொஃபஷனல் கோர்ஸ். தனியார் பயிற்சி மையம் என்றால் இரண்டும் இல்லை.

நான் கடலூரில் பி.காம் முடித்து, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சில வருஷம் இருந்து, அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே சி.எம்.ஏ எழுதி, இப்போது புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காஸ்டிங், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கு, பார்க்கிறேன். டிகிரி, ப்ரொஃபஷனல் கோர்ஸ் என்று இரண்டு பாதையிலும் நடந்தவன் என்பதால் சொல்கிறேன். "எது பெரிய படிப்பு" என்று யோசிக்காதீர்கள். "பாதியில் நின்றுவிட்டால் என் கையில் என்ன இருக்கும்" என்று யோசியுங்கள். உடம்பு சரியில்லாமல் போகும், அப்பாவுக்கு வேலை போகும், கல்யாணப் பேச்சு வரும், நாலாவது அட்டெம்ப்டிலும் குரூப் (சேர்த்துத் தேற வேண்டிய சில பேப்பர்கள்) போகும். அந்த நாளில் கையில் இருக்கிற காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

முதலில் பி.காம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பார்ப்போம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 2, பேங்க் ஆபீசர் பரீட்சை, எஸ்.எஸ்.சி-யின் பட்டதாரி அளவு பரீட்சை, எம்.பி.ஏ, எம்.காம் எல்லாவற்றுக்கும் வாசலில் கேட்பது டிகிரிதான். பி.காம் முடித்தவர் ஜி.எஸ்.டி ப்ராக்டிஷனராகப் பதிவு செய்து அதற்கான பரீட்சையை எழுதலாம், கடைகளுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கலாம். ஆனால் ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட முடியாது. அந்த அதிகாரம் ப்ராக்டிஸ் செய்கிற சார்ட்டர்ட் அக்கவுன்டன்டுக்கு மட்டும்தான். விற்பனை வரம்பைத் தாண்டிய வியாபாரிக்கு வருமான வரிச் சட்டப்படி நடக்கிற டாக்ஸ் ஆடிட்டும் அப்படியே. எம்.காம் படித்து, பி.எச்டி வாங்கி, முப்பது வருஷம் அனுபவம் இருந்தாலும் அந்தக் கையெழுத்து உங்களுக்கு வராது. இதைச் சொல்லாமலே கல்லூரியில் மூன்று வருஷம் ஓடிவிடுகிறது என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சி.எம்.ஏ-வைப் பற்றி நம் பக்கத்தில் பேசுவதே குறைவு, ஆனால் நம் மாவட்டத்துக்கு அது ரொம்பப் பொருத்தமான படிப்பு என்று நினைக்கிறேன். சர்க்கரை, மின்சாரம், மருந்து, உரம் மாதிரியான தொழில்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் காஸ்ட் ரெக்கார்ட் வைக்க வேண்டும், காஸ்ட் ஆடிட் செய்ய வேண்டும், அதில் கையெழுத்துப் போடுவது காஸ்ட் அக்கவுன்டன்ட். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது, நெய்வேலியில் அனல் மின்நிலையம் இருக்கிறது, கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பேட்டைகளிலும் ரசாயனம், மருந்து என்று உற்பத்தி நடக்கிறது. ஒரு கிலோ சரக்கு செய்ய என்ன செலவு ஆனது என்று கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு. எந்த டிகிரி முடித்தவரும் (நுண்கலை தவிர) முதல் நிலையைத் தாண்டி நேராக நடு நிலையான இன்டரில் சேரலாம், பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும், பயிற்சி 15 மாதம். வேலையில் இருந்துகொண்டே எழுதுவது சி.ஏ-வை விட இதில் எளிது, அப்படித்தான் நான் எழுதினேன்.

சி.எஸ் என்பது கம்பெனிச் சட்டம். கணக்கு பிடித்துத்தான் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்றால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இங்கிலாந்து அமைப்பு நடத்துகிற ஏ.சி.சி.ஏ-வில் 13 பேப்பர், கட்டணம் பவுண்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிற சென்னை, பெங்களூரு ஆபீஸ்களில் மதிப்பு உண்டு, ஆனால் அதை வைத்து இந்தியாவில் ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. வெளிநாடு போகிற எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

சரி, சி.ஏ. 2023-ல் வந்த புதிய திட்டப்படி முதல் நிலையான ஃபவுண்டேஷனில் 4 பேப்பர், இன்டரில் 6, ஃபைனலில் 6. நடுவில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆர்ட்டிகிள்ஸ் என்றும் சொல்வார்கள், ஆடிட்டரிடம் எடுக்கிற பயிற்சி) முன்பு 3 வருஷம், இப்போது 2 வருஷம். இன்டரின் இரண்டு குரூப்பும் தேறினால்தான் ஆர்ட்டிகிள்ஸில் சேர முடியும். எல்லாம் முதல் தடவையிலேயே தேறினால் +2 முடிந்து சுமார் 4 வருஷம். எல்லாம் முதல் தடவையிலேயே தேறுகிறவர்கள் எத்தனை பேர்? 2024 ஜூன் ஃபவுண்டேஷனில் தேறியவர்கள் சுமார் 15 சதவீதம், 2025 ஜனவரியில் 21 சதவீதம் அளவு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, திட்டம் போடுகிறபோது ஒன்றிரண்டு அட்டெம்ப்ட் கூடுதலாகப் போகும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள், அவ்வளவுதான். சொல்லி வைக்காத வீடுகளில்தான் முதல் தோல்வியிலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள்.

மார்க் விஷயம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரியில் எல்லாப் பாடத்திலும் 45 வாங்கினால் பாஸ். சி.ஏ-வில் ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், அதோடு மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். நாலு பேப்பரிலும் 45 என்றால் 180, வேண்டியது 200, ஆகவே ஃபெயில். ஃபவுண்டேஷனில் கணிதம், பொருளாதாரம் இரண்டும் கொள்குறி வகை, தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியாததையும் எதையாவது எழுதிவிட்டு வந்தால் இங்கே அது உங்களையே கடிக்கும்.

இதைவிடப் பெரிய தடை இங்கிலீஷ். சி.ஏ பரீட்சையை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. தமிழ் மீடியத்தில் கணக்குப்பதிவியலில் 98 வாங்கிய பையன் பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தலைகீழாகச் சொல்வான், ஆனால் லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் என்று வந்ததும் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்வான். தெரியும் தம்பி, பெயர்தான் வேறு. பற்று டெபிட், வரவு கிரெடிட், குறிப்பேடு ஜர்னல், தேய்மானம் டிப்ரிசியேஷன். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ் என்று உங்கள் +2 புத்தகத்தின் கலைச்சொற்களை எழுதிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் அந்தப் பயம் போய்விடும். உண்மையில் கஷ்டம் கொடுப்பது சட்டப் பேப்பர்தான், ஏனென்றால் அங்கே வாக்கியமாக எழுத வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது தினமும் கையால் எழுதிப் பழக வேண்டும், குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு என் யோசனை: முதலில் பி.காமில் சேருங்கள், அந்த மூன்று வருஷத்தில் இங்கிலீஷைச் சரி செய்துகொள்ளுங்கள், அப்புறம் இன்டருக்குப் போங்கள்.

அதற்கு வழி இருக்கிறது, அதுதான் டைரக்ட் என்ட்ரி. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் (வணிகவியல் அல்லாத டிகிரி என்றால் 60) ஃபவுண்டேஷன் எழுதாமலே சி.ஏ இன்டரில் சேரலாம், கடைசி வருஷம் படிக்கும்போதே தற்காலிகமாகப் பதிவும் செய்யலாம். ஆகவே கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் இலக்கு 55. "பாஸ் ஆனால் போதும்" என்று முதல் வருஷத்தை விட்டுவிட்டு, கடைசியில் 53-இல் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

+2-வில் வணிகக் கணிதம் நன்றாக வரும், இங்கிலீஷில் தயக்கம் இல்லை, வீட்டில் நாலைந்து வருஷம் சம்பளத்தை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றால் ஃபவுண்டேஷனை உடனே எழுதுங்கள், கல்லூரியில் மூன்று வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அப்போதும் டிகிரியை விடாதீர்கள். இக்னோவிலோ யு.ஜி.சி அனுமதி உள்ள வேறு தொலைநிலைப் படிப்பிலோ பி.காமைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள் (அனுமதி அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று யு.ஜி.சி தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்). ஆர்ட்டிகிள்ஸ் நடக்கும்போது டிகிரி படிப்பதென்றால் இன்ஸ்டிடியூட்டிடம் ஃபார்ம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அதை மறந்துவிட்டுப் பிறகு சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சி.ஏ முடித்தால் அது முதுகலைக்குச் சமம் என்று யு.ஜி.சி 2021-ல் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது முடித்தவருக்கு. இன்டரில் ஒரு குரூப்போடு நின்றவர் அரசாங்கப் பார்வையில் வெறும் +2. இருபத்தைந்து வயதில் ஒரு பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போடப் போய், டிகிரி என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் கண்ணால் பார்த்தேன். அவர் என்னை விடக் கணக்கில் கெட்டிக்காரர்.

உடனே சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தொலைநிலை பி.காம், பகலில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, டிகிரி வந்ததும் சி.எம்.ஏ இன்டர். மெதுவான பாதை, ஆனால் எந்த வருஷத்தில் நின்றாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சி.ஏ-வுக்கு இன்ஸ்டிடியூட்டுக்குக் கட்டுகிற பதிவுக் கட்டணம் ஃபவுண்டேஷனுக்கு 10,000 ரூபாய்க்குப் பக்கம், இன்டருக்கு இரண்டு குரூப்புக்கும் 18,000 ரூபாய் அளவு. லட்சக்கணக்கில் போவது கோச்சிங்கும் சென்னையில் தங்குகிற செலவும்தான். இன்ஸ்டிடியூட்டின் பாடப்புத்தகம், மாதிரி வினாத்தாள் எல்லாம் அதன் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. மூன்று வருஷத்துக்கு 36,000. தேவனாம்பட்டினம் பெரியார் அரசுக் கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டு அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்தாலே இன்டர் பதிவுக் கட்டணம் வந்துவிடும். புதுச்சேரிப் பிள்ளைகள் என்றால் லாஸ்பேட்டை தாகூர் அரசுக் கல்லூரி, பெண்களுக்கு பாரதிதாசன் அரசுக் கல்லூரி, விண்ணப்பம் புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக.

எந்தப் படிப்பாக இருந்தாலும் கை பழகாவிட்டால் பயன் இல்லை. அதற்கு நம் ஊரை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு கேள்வி கேட்கிறேன். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலிருந்து ஒரு மொத்த வியாபாரி புதுச்சேரி நேரு வீதிக் கடைக்குச் சரக்கு அனுப்புகிறார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என்ன வரி? கடலூர்க்காரரின் ஜி.எஸ்.டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரிக்காரருடையது 34-இல். வேறு மாநிலம், ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. சரி, சேதராப்பட்டிலிருந்து காரைக்காலுக்கு ஒரு லாரி போகிறது. கடலூர், சிதம்பரம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே பெரும்பாலான தூரம் ஓடுகிறது. ஆனால் காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதுவும் 34 தான். ஆகவே மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி, மாநிலத்துக்கு எஸ்.ஜி.எஸ்.டி. யூனியன் பிரதேசம்தானே, யு.டி.ஜி.எஸ்.டி இல்லையா என்று அடுத்த சந்தேகம் வரும். புதுச்சேரிக்குச் சட்டசபை இருப்பதால் அங்கே எஸ்.ஜி.எஸ்.டி தான். இந்த மூன்றையும் தயங்காமல் சொல்கிற ஒரு பி.காம் பிள்ளையை இங்கே எந்த முதலாளியும் இன்டர்வியூவில் திருப்பி அனுப்ப மாட்டார். சொல்லத் தெரியாத எம்.காம்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு யாரும் ஒரு பில்லைக் கையில் கொடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆர்ட்டிகிள்ஸுக்கோ வேலைக்கோ ஆபீஸ் பார்க்கும்போது சம்பளத்தை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, எனக்கென்று தனியாக நாலு ஃபைல் தருவீர்களா என்பது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒன்றரை வருஷம் டேலியில் வவுச்சர் போடுவதைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை, கேட்டால் "அதெல்லாம் அப்புறம்" என்பார்கள். அடுத்த ஆபீஸில் மூன்றே மாதத்தில் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தருகிற ஜி.எஸ்.டி.ஆர் 1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன், 7-ஆம் தேதிக்குள் பிடித்த வரியான டி.டி.எஸ் என்று ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்பதே புரிந்துவிட்டது. ஆபீஸில் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளை வெளியே டீக்கடையில் பிடித்துக் கேளுங்கள்: பரீட்சைக்கு லீவு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? கம்பெனி ஆடிட்டுக்கு வெளியூர் கூட்டிப்போகிறார்களா? சென்னைப் பெரிய ஆபீஸில் பெரிய கம்பெனி ஆடிட்டில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்ப்பீர்கள். கடலூர், புதுச்சேரி ஆபீஸில் பண்ருட்டி முந்திரி வியாபாரியின் பில் கட்டிலிருந்து அவருடைய வருமான வரி வரைக்கும் முழுசாகப் பார்ப்பீர்கள். சொந்தமாக ப்ராக்டிஸ் செய்கிற எண்ணம் இருந்தால் உள்ளூரில் இருங்கள். பெரிய கம்பெனி வேலைதான் வேண்டும் என்றால் சென்னைக்குப் போங்கள்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். சி.ஏ ஃபவுண்டேஷனின் முதல் பேப்பர், அக்கவுன்டிங், புத்தகத்தைத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, பள்ளியில் நடத்தாத ஒரு அத்தியாயத்தை எடுத்து யாரிடமும் கேட்காமல் படித்துக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். கடைசி நாளில் ஒரு மாதிரி வினாத்தாளை எடுத்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு 3 மணி நேரம் உட்காருங்கள். மார்க் எவ்வளவு என்பதைவிட, அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று பாருங்கள். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சேராதபோது விடாமல் தேடினீர்களா, மூடி வைத்துவிட்டீர்களா? தேடியவர் பதிவு செய்யலாம். பதிவுக்கும் பரீட்சைக்கும் நடுவில் 4 மாதம் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே செப்டம்பர் பரீட்சைக்கு மே 1-க்குள் பதிய வேண்டும். +2 ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் அந்தத் தேதி போய்விடலாம், ரிசல்ட் வரும் முன்பே தற்காலிகமாகப் பதியலாம்.

எங்கள் தெருப் பெண் அந்த பி.காம் சி.ஏ-வையே தொடர்கிறாள், டைரக்ட் என்ட்ரிக்கு அதுவும் வணிகவியல் டிகிரிதான் என்று தெரிந்த பிறகு அவள் அப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதிக் காட்டுவாள், நான் திருத்துவேன். முதல் செமஸ்டரில் 68 சதவீதம் வாங்கியிருக்கிறாள்.